எரித்திரியக் குடும்பச் சாப்பாட்டுக்கடைக்கு முதல் தடவை போகிறோம்: என்ன கேட்பது, எப்படிச் சாப்பிடுவது?

தாரணி_பேர்ன் எழுதியது:

வணக்கம். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் எரித்திரியத் தோழி ஒருவர் இருக்கிறார். அவருடைய சின்னம்மா பேர்னில் ஒரு சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். ஏழெட்டு மேசைதான். சின்னம்மா சமைக்கிறார், மகள் பரிமாறுகிறார், மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்து கோப்பை கழுவுகிறாராம். "வீட்டுக்காரர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வா" என்று தோழி மாதக்கணக்காகச் சொல்கிறார். வருகிற வெள்ளி இரவு போவதாக இருக்கிறோம்.

போகிற ஆட்களைச் சொன்னால் என் தலையிடி உங்களுக்கு விளங்கும். அம்மா வெள்ளிக்கிழமை சைவம். மாட்டிறைச்சி எந்த நாளும் தொடமாட்டார். கணவருக்கு இறைச்சி இல்லாவிட்டால் அது சாப்பாடே இல்லை. அவருடைய தம்பிக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது. டொக்டர் பரிசோதித்துச் சொன்ன சீலியாக் நோய், சும்மா ஃபேஷனுக்கு இல்லை. பிள்ளைகள் இரண்டு பேர், உறைப்பு என்றால் ஓடுவார்கள்.

மெனுவை இணையத்தில் பார்த்தேன். ஸிக்னி, ஷிரோ, அலிச்சா, தும்துமோ, குல்வா என்று போகிறது, ஒரு படம்கூட இல்லை. எல்லாம் ஒரே பெரிய தட்டில் வரும், எல்லோரும் அதிலேயே கை வைத்துச் சாப்பிடுவார்கள் என்று கேள்வி. அப்படியென்றால் அம்மாவின் கதி என்ன? தனித்தட்டு கேட்டால் மரியாதைக் குறைவா? தோழியிடமே கேட்கலாம்தான். கேட்டால் அவர் சின்னம்மாவிடம் சொல்லி எங்களுக்காக எதையாவது விசேஷமாகச் சமைக்க வைத்துவிடுவார். அந்தச் சங்கடம் வேண்டாம். போய்ப் பழகியவர்கள் சொல்லுங்கள்.


ரவி_சூரிச் எழுதியது:

பெரிதாக யோசிக்க ஒன்றும் இல்லை. கையைக் கழுவிவிட்டு இன்ஜெராவை, அதாவது தோசை போன்ற அந்தப் புளித்த மா ரொட்டியை, பிய்த்துச் சாப்பிட வேண்டியதுதான். குழம்பெல்லாம் எங்கள் வாய்க்குப் பொருந்துகிற உறைப்பு. எனக்கு அந்த இன்ஜெராவின் புளிப்புத்தான் சரிவரவில்லை, ஒருமுறையோடு விட்டுவிட்டேன். அந்தக் கடையில் இடம் கிடைக்காவிட்டால் எதியோப்பியக் கடை எதற்காவது போங்கள், இரண்டும் ஒன்றுதான்.


பழைய_குசினி எழுதியது:

ரவி, அந்தக் கடைசி வசனத்தை மட்டும் கடை வாசலுக்குள் கொண்டுபோகாதீர்கள். 1961இல் இருந்து 1991 வரை எதியோப்பியாவோடு சண்டை பிடித்து, 1993இல் வாக்கெடுப்பு நடத்தித் தனி நாடானவர்கள். 1998இல் எல்லையில் திரும்பவும் போர். இன்ஜெராவும் பெர்பெரே மிளகாய்த்தூளும் இரண்டு பக்கமும் உண்டு, அது உண்மை. ஆனால் வித்தியாசமும் இருக்கிறது. எரித்திரியர் குழம்பில் தக்காளி கூட, நெய் குறைவு, பொதுவாகக் கொஞ்சம் இலேசாக இருக்கும். பெயர்களும் வேறு.

தாரணி தங்கச்சி, நான் தொண்ணூறுகளில் இருந்து இந்த நாட்டுக் குசினிகளில் காலம் தள்ளியவன். முதலில் கோப்பை கழுவினேன், பிறகு சலாட் பக்கம், பிறகு அடுப்பு. நான் அடுப்புக்குப் போன காலத்தில் கோப்பை கழுவ வந்தவர்கள் எரித்திரியப் பொடியன்கள். அவர்கள் கூட்டிக்கொண்டு போய்த்தான் இந்தக் கடைகள் எனக்குப் பழக்கம். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அம்மாவின் விஷயம். வெள்ளிக்கிழமை என்பது உங்களுக்கு அதிர்ஷ்டம். எரித்திரிய ஓர்த்தடொக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரதம். இறைச்சி இல்லை, முட்டை இல்லை, பால், நெய்கூட இல்லை. ஈஸ்டருக்கு முன்னால் 55 நாள் இதே ஒழுங்கு. அதனால் விரதச் சாப்பாடு அவர்களுக்கு விருந்தாளிக்காகத் தேடிச் செய்கிற ஒன்று கிடையாது, அன்றாடச் சமையல். என்னோடு வேலை செய்த ஒருவர் விரத நாளில் இறைச்சிக் குழம்பைக் கரண்டி நுனியில்கூட ருசி பார்க்கமாட்டார். உப்புச் சரியா என்று பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார். கடையில் "ட்ஸோம்" தட்டு என்று கேளுங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள். மற்ற நாளில் ஷிரோவுக்குள் தெஸ்மி என்கிற தாளித்த நெய் விழுந்திருக்கலாம். விரதத் தட்டில் எண்ணெய் மட்டும்தான். ஒன்று மட்டும்: எல்லாக் குடும்பமும் ஓர்த்தடொக்ஸ் இல்லை, முஸ்லிம் குடும்பங்கள் நடத்தும் கடைகளும் நிறைய. அங்கேயும் பருப்பும் கீரையும் இருக்கும், ஆனால் நெய் விழுந்ததா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பன்றி இறைச்சிப் பேச்சு இரண்டு இடத்திலும் கிடையாது.

அடுத்தது தட்டு. இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். இரண்டு தட்டாகச் சொல்லுங்கள். ஒன்று முழுக்க விரதத் தட்டு, மற்றது இறைச்சி. "ஒரே தட்டில் ஒரு பக்கம் சைவம், ஒரு பக்கம் மச்சம்" என்று பரிமாறுகிற மகள் சொல்வார், படத்துக்கு அது வடிவாகவும் இருக்கும். ஆனால் குழம்பு ஓடும். அடியில் விரித்திருக்கிற இன்ஜெரா எல்லாவற்றையும் உறிஞ்சும். அம்மா நிம்மதியாகச் சாப்பிடமாட்டார். இரண்டு தட்டு கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. விரதம் இருப்பவரும் இல்லாதவரும் ஒரே வீட்டில் சாப்பிடுவது அவர்களுக்குத் தினசரி நடப்பு.

ஆனால் ஆளுக்கு ஒரு தட்டு என்று மட்டும் பிரித்துக் கேட்காதீர்கள். தருவார்கள், இல்லை என்று சொல்லமாட்டார்கள். சாப்பாடு சுவை கெட்டுவிடும். ஐந்தாறு குழம்பு ஒன்றாக இருந்தால்தான் உறைப்பை எடுத்தவுடன் பக்கத்தில் இருக்கிற மஞ்சள் போட்ட கிழங்கையும் கோவாவையும் தொட்டு வாயை ஆற்றலாம். அந்த உறைப்பில்லாத வகைக்குத்தான் அலிச்சா என்று பெயர். பிள்ளைகளுக்கு அதைக் காட்டிவிடுங்கள். தும்துமோ என்றால் பருப்பு. ஹம்லி கீரை. ஷிரோ கடலை மாவில் செய்வது, சின்ன மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்க வந்தால் அந்தக் கடை நல்ல கடை. குல்வா என்பது இறைச்சியைச் சின்னத் துண்டுகளாக வெங்காயம், பச்சை மிளகாயோடு வதக்கியது. உங்கள் கணவருக்கு அது பிடிக்கும்.

இனி ஸிக்னி. இதைப் பற்றி எழுதாமல் போனால் என் கை சும்மா இருக்காது. எந்தக் கடையையும் அதன் ஸிக்னியை வைத்துத்தான் எடைபோடுவேன். வெங்காயத்தை மிகப் பொடியாக வெட்டி, எண்ணெய் ஒரு துளியும் இல்லாமல் வெறும் பாத்திரத்தில் போட்டுக் கிண்டிக்கொண்டே இருப்பார்கள். இறைச்சி அளவுக்கு வெங்காயமும் போகும். தண்ணீர் விட்டு, வற்றி, நிறம் மாறி, கடைசியில் வெங்காயம் என்ற அடையாளமே இல்லாமல் களியாகும். அதற்குப் பிறகுதான் எண்ணெய். பிறகு பெர்பெரே. காய்ந்த மிளகாய், உள்ளி, இஞ்சி, வெந்தயம், ஏல வகை என்று வீட்டுக்கு வீடு அளவு மாறும் தூள் அது. அது எண்ணெயில் நீண்ட நேரம் அடங்கிப் பொரிய வேண்டும். அவசரப்பட்டால் மிளகாய்த்தூளின் பச்சை மணம் தொண்டையில் நிற்கும். அப்புறம் தக்காளி, இறைச்சி. நான் வேலை செய்த ஒரு குசினியில் முதலாளி வெங்காயத்துக்கு இருபது நிமிடம்கூடத் தரமாட்டார். இந்தச் சின்னம்மாக்கள் காலை பத்து மணிக்கு அடுப்பை மூட்டுகிறார்கள். குழம்பு மாவு கரைக்காமலே தடிப்பாக நிற்பதற்கு அந்த வெங்காயம்தான் காரணம்.

ஸிக்னி பெரும்பாலும் மாட்டிறைச்சி. ஆட்டிலும் செய்வார்கள், கேட்டுப் பாருங்கள். கோழி என்றால் ட்செப்ஹி தெர்ஹோ, அவித்த முட்டையோடு வரும். பெருநாள் சாப்பாடு, நேரம் பிடிக்கும், சின்னக் கடைகளில் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். நிறையப் பேர் மெனுவில் பார்த்துவிட்டு அந்த நேரத்தில் கேட்டு ஏமாறுவார்கள்.

சாப்பிடும் முறை உங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. வலது கை. சுருட்டி வைத்த இன்ஜெராவில் ஒரு துண்டு பிய்த்து, அதாலேயே குழம்பைக் கிள்ளி எடுப்பது. உங்களுக்கு முன்னால் இருக்கிற பக்கத்தில் இருந்து சாப்பிடுவது, எதிரே இருப்பவர் பக்கம் கை நீட்டாமல் இருப்பது. விரலை நக்கக் கூடாது, பொதுத் தட்டு அல்லவா. அடியில் குழம்பில் ஊறிய இன்ஜெராவைக் கடைசிக்கு வையுங்கள், அதற்குச் சண்டை நடக்கும். சின்னம்மா வந்து ஒரு கவளம் உருட்டி அம்மாவின் வாயில் நேரே ஊட்டப் பார்த்தால் திகைக்க வேண்டாம். குர்ஷா என்பார்கள், மரியாதைக்குச் செய்வது. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பிள்ளைகள் எதற்கும் மசியாவிட்டால் ஸ்பகெட்டி கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். 1890இல் இருந்து 1941 வரை இத்தாலிக்காரன் ஆண்ட நாடு. தலைநகர் அஸ்மாராவில் ஸ்பகெட்டியும் மக்கியாத்தோ கோப்பியும் வீட்டுச் சாப்பாடு ஆகிவிட்டன. பிள்ளைகளுக்கு என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதன் சோஸிலும் பெர்பெரே விழும்.

தம்பியின் கோதுமை விஷயத்தை நான் தொடமாட்டேன், இங்கே மாலதி அக்காவுக்கு அது தெரியும்.


மாலதி_பாசல் எழுதியது:

கூப்பிட்டதற்கு நன்றி. என் மகளுக்கும் சீலியாக் நோய்தான், அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்வேன்.

இன்ஜெரா சுடுகிற தெஃப் தானியத்தில் குளூட்டன் (கோதுமை, பார்லியில் இருக்கிற புரதம்) கிடையாது. அதைப் படித்துவிட்டு "இன்ஜெரா எல்லாம் பாதுகாப்பு" என்று பலர் எழுதுகிறார்கள். தெஃப் விலை கூடிய தானியம். எரித்திரியாவிலேயே அதோடு சோளம், பார்லி, கோதுமை கலந்து சுடுவது வழக்கம். இங்கேயுள்ள கடைகள் பலவற்றில் கோதுமை மா கலக்கிறார்கள், கலந்தால் மா நன்றாகப் பொங்கும், எளிதில் கிழியாது. நிறத்தைப் பார்த்து முடிவு செய்யவும் முடியாது, தெஃப்பிலேயே வெள்ளையும் உண்டு, மண்ணிறமும் உண்டு. முழுத் தெஃப்பில் செய்கிற வீடு என்றாலும் சுடுகிற மொகோகோ கல் ஒன்றுதான். அதன்மேல் வட்டமாக ஊற்றி, மூடி போட்டு, எங்கள் அப்பம் போல ஒரு பக்கம் மட்டும் வேகவிடுவார்கள். காலையில் கோதுமை கலந்ததைச் சுட்ட அதே கல்லில் மாலையில் சுட்டால் பயன் இல்லை.

குழம்புகள் அவ்வளவு பிரச்சினை இல்லை, குசினி அண்ணை சொன்ன அந்த வெங்காயத்தால்தான். ஆனால் இன்ஜெராவின் மேல் ஊற்றிவிட்டால் கதை முடிந்தது. ஆகவே தம்பிக்குக் குழம்பை நேரே பாத்திரத்தில் இருந்து தனிக் கிண்ணத்தில் எடுத்துத் தரச் சொல்லி, கூடவே சோறு கேளுங்கள். ஷிரோ மா பொதியில் வாங்கியதா, வீட்டில் அரைத்ததா, அதில் வேறு மா கலந்ததா என்றும் கேளுங்கள். முந்தின நாளே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். வெள்ளி இரவு கடை நிறைந்த நேரத்தில் பரிமாறுகிற பிள்ளையிடம் வைத்தியம் பேசுவது இருவருக்கும் கஷ்டம். எந்தச் சாப்பாட்டில் ஒவ்வாமை தரும் பொருள் இருக்கிறது என்று கேட்டால் கடைக்காரர் சொல்ல வேண்டியது இந்த நாட்டுச் சட்டம், ஆகவே கூச்சம் தேவையில்லை. மகளைக் கூட்டிப்போகும்போது நான் சோறும் பருப்பும் கீரையும் என்று நிறுத்திக்கொள்வேன், அவள் சந்தோஷமாகவே சாப்பிடுவாள்.


தாரணி_பேர்ன் எழுதியது:

குசினி அண்ணை, மாலதி அக்கா, இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. தோழியிடம் கேட்டுவிட்டேன், ஓர்த்தடொக்ஸ் குடும்பம்தான். வெள்ளிக்கிழமை விரதம் என்றதும் அம்மாவுக்கு அந்தச் சின்னம்மா மேல் பெரிய மதிப்பு வந்துவிட்டது.

இன்னும் இரண்டு கேள்வி. கோப்பிக்கு இருக்கச் சொல்கிறார்கள், அது எவ்வளவு நேரம்? கணவர் யாரைக் கண்டாலும் "உங்கள் நாட்டில் இப்போது நிலைமை எப்படி" என்று தொடங்குகிற ஆள். தடுக்கவா, விடவா?


பழைய_குசினி எழுதியது:

தடுங்கள்.

அவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்பார், தெரியும். ஆனால் அந்த நாட்டில் கட்டாயத் தேசிய சேவை (இராணுவப் பயிற்சியோடு) சட்டப்படி 18 மாதம், நடைமுறையில் முடிவில்லாதது. அதற்காகவே கடல் கடந்தவர்கள் இங்கே நிறைய. அரசாங்கத்தை ஆதரிப்பவர்களும் இருக்கிறார்கள். 2023இல் சூரிச் பக்கத்தில் ஒப்ஃபிகோனில் இரு தரப்பும் மோதிக்கொண்டது செய்தியில் வந்தது. சுவரில் இருக்கிற கொடியைப் பார்த்தாலே யார் எந்தப் பக்கம் என்று அவர்களுக்குத் தெரியும். பச்சை, சிவப்பு, நீலம் மூன்றும் உள்ளது இப்போதைய கொடி. முழு நீலத்தில் ஒலிவ் கிளை இருந்தால் பழையது, அரசாங்கத்தை எதிர்ப்பவர்கள் அதைத் தூக்குகிறார்கள். பக்கத்து மேசையில் இருப்பவர் எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரியாது. எங்கள் ஆட்கள் நிறைந்த கடையில் வெள்ளைக்காரன் ஒருவன் வந்து சத்தமாக எங்கள் அரசியலைக் கேட்டால் எப்படி எல்லோரும் சோற்றைப் பார்த்துக் குனிவோம், அதேதான்.

கதைக்க ஆசையென்றால் சைக்கிள் ஓட்டத்தைத் தொடங்கச் சொல்லுங்கள். இத்தாலியர் விட்டுப்போனதில் அதுவும் ஒன்று, நாடே பைத்தியம். 2024 டூர் த ஃபிரான்ஸில் பினியாம் கிர்மாய் மூன்று கட்டங்களை வென்று, புள்ளிகளில் முதலாவதாக வருபவருக்கான பச்சை மேலாடையும் எடுத்தார். அந்தப் பெயரைச் சொன்னால் போதும், கோப்பை கழுவுகிற மகனே குசினியை விட்டு வெளியே வருவான். அஸ்மாராவின் கட்டடங்களைப் பற்றியும் கேட்கலாம், 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நகரம்.

கோப்பி ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கொட்டையை உங்கள் கண் முன்னால் வறுத்து, புகையோடு அந்தச் சட்டியை மேசைக்கு மேசை கொண்டுவருவார்கள். புகையைக் கையால் உங்கள் பக்கம் இழுத்து முகருங்கள், அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். பிறகு இடித்து, ஜெபெனா என்கிற கழுத்து நீண்ட மண்குடுவையில் கொதிக்க வைப்பது. இஞ்சியும் சேர்ப்பார்கள். குடுவை வாயில் நார் அடைத்து, மண்டி வராமல் சின்னக் கைப்பிடியில்லாத கிண்ணங்களில் ஊற்றுவார்கள், சீனி தாராளம். பக்கத்தில் சாம்பிராணி, சோளப்பொரி, சிலவேளை ஹிம்பாஷா ரொட்டி. அதே தூளில் தண்ணீர் விட்டு மூன்று சுற்று வரும். ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சாயம் குறைவு. மூன்றாவதற்கு பெரெக்கா என்று பெயர், ஆசீர்வாதம் அதில்தான் என்று நம்புகிறார்கள். இரண்டாவதோடு எழும்பினால் மனம் கோணும். கோப்பி ஒத்துக்கொள்ளாவிட்டால் கிராம்பு, கறுவா போட்ட தேத்தண்ணி கேளுங்கள், ஆனால் இருங்கள்.

இதெல்லாம் உங்களுக்காக ஒருவர் உட்கார்ந்து செய்கிற வேலை. ஆகவே மாலதி சொன்ன தொலைபேசி அழைப்பிலேயே கோப்பியையும் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளோடு போகிறபடியால் ஆறு மணிக்கே போய் உட்காருங்கள். பில்லை அன்றைக்கு உங்களிடம் தரமாட்டார்கள் என்று நினைக்கிறேன், பெறாமகளின் தோழி அல்லவா. இரண்டு தரம் கேளுங்கள், மூன்றாம் தரம் வற்புறுத்தாதீர்கள். கோப்பை கழுவுகிற மகன் கையில் இருபது பிராங்கை வைத்துவிட்டு வாருங்கள், அவனுக்கு அது சரி.


ரவி_சூரிச் எழுதியது:

அண்ணை, எதியோப்பியா கதையை வாபஸ் வாங்குகிறேன். இவ்வளவையும் வாசித்த பிறகு எனக்கும் திரும்பப் போய்ப் பார்க்க ஆசை வருகிறது. ஆனால் அந்தப் புளிப்புக்கு என்ன வழி?


பழைய_குசினி எழுதியது:

இன்ஜெரா மா நாட்கணக்கில் புளிக்க வைப்பது, கடைக்குக் கடை புளிப்பு மாறும். வேறு கடையில் முயன்று பாருங்கள். அதற்கும் மனமில்லாவிட்டால் காலைச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். புளிக்க வைக்காத கிச்சா ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, நெய்யும் பெர்பெரேயும் பிரட்டித் தருவார்கள், மேலே தயிர். எல்லாக் கடையும் காலையில் திறப்பதில்லை, சனி ஞாயிறில் கேட்டுப் பாருங்கள்.